ஓசூர்ச் செம்பும் ஒரு கைப்பிடிப் புளியும்

அலுவலகப் படிவத்தில் 'செல்லும் வெளிநாடு' என்ற கட்டத்தில் இந்தியா என்று எழுதினேன். 'அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையா' என்ற கட்டத்தில் தேவையில்லை என்று எழுதினேன். பாரூரில் பிறந்து, கிருஷ்ணகிரியில் படித்து, ஐரோப்பாவில் ஒரு குளிர் நகரத்தில் பாதி ஆயுளைக் கழித்த நான் இப்படித்தான் ஓசூருக்கு வெளிநாட்டுப் பயணம் போனேன். ஆறு நாள் வேலை. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பாரூரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவு வந்து இறங்கிவிடும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. துகள் இயற்பியல் ஆய்வகம் ஒன்றில், வெளியிலிருந்து வாங்கும் பாகங்களோடு வரும் காகிதங்களைச் சரிபார்க்கிறவன். விஞ்ஞானிகளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதால் அவர்கள் பேசுவதில் மூன்றில் ஒரு பங்கு புரியும். மிச்சத்துக்குத் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு இருபது வருட அனுபவம்.

அவர்களுடைய கனவு, மியூவான்களை மோதவிடும் ஓர் இயந்திரம். மியூவான் என்பது எலெக்ட்ரானின் பருத்த உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கும் சேமித்து வைக்கக் கிடைக்காது, செய்துகொள்ளத்தான் வேண்டும். செய்தாலும், ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால் இரண்டு கூறு நேரம்தான் உயிரோடிருக்கும். அதைச் செய்வதற்கு, புரோட்டான்களைப் பெருங்கூட்டமாக முடுக்கி ஓர் இலக்கின் மேல் அறைய வேண்டும். அந்தச் சிதறலில் பிறக்கும் வேறு துகள்கள் சிதைந்து மியூவான்கள் வரும். பெரும்பாலானவை கண்ட திசையில் ஓடிவிடும். அகப்பட்ட கொஞ்சத்தைத் திரட்டி, ஆயுள் முடிவதற்குள் வேகமேற்ற வேண்டும். கடைசியில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே ஆரம்பத்தில் கொட்டும் புரோட்டான்கள் ஏராளமாக இருக்க வேண்டும்.

வேகம் மட்டும் போதாது, நெரிசலும் வேண்டும். சிப்காட்டில் ஷிப்ட் விட்டதும் ஜனங்கள் ஆளுக்கொரு நேரத்தில் நடந்து வெளியே வந்தால் ஊருக்கு ஒன்றும் ஆகாது. அத்தனை பேரையும் கம்பெனி பஸ்களில் அடைத்து, எல்லா பஸ்ஸையும் ஒரே நிமிடத்தில் ரிங் ரோட்டில் விட்டால்தான் விளைவு தெரியும். புரோட்டான்களை அப்படி பஸ்ஸில் ஏற்றும் பாகத்துக்குப் பட்டறையில் 'கேவிட்டி' என்று பெயர். சுத்தமான செம்பில் கடைந்த, அரிசி டப்பா அளவுள்ள, உள்ளே குடைவான இரண்டு பாதிகள். எங்கள் சோதனை இயந்திரத்துக்குப் பதின்மூன்று வேண்டும். மாதிரிக்கு ஒன்றை ஓசூரில் ஒரு பட்டறையில் செய்யச் சொல்லியிருந்தார்கள். அது தேறினால் மிச்சம் பன்னிரண்டும் ஓசூருக்கு. தேறாவிட்டால் வேறொரு நாட்டுக் கம்பெனி வாசலில் காத்திருக்கிறது.

ஓசூருக்குக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் கை தூக்கியவன் நான். அன்றுவரை அந்தக் கூட்டங்களில் நான் கை தூக்கியது பிஸ்கட் தட்டுக்காக மட்டும்தான். அதனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படியென்றால் நீயே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வா" என்றார் என் மேலதிகாரி இங்க்ரிட்.

புதன்கிழமை பெங்களூரில் இறங்கினேன். டாக்சி ஓட்டுநர் அத்திப்பள்ளி வரை அருமையாக வந்தார். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, தமிழ்நாட்டுக்குள் போகும் பர்மிட் முந்தின நாளோடு முடிந்துவிட்டது என்றார். எனக்குக் கன்னடம் தெரியாது என்ற நம்பிக்கையில் யாரிடமோ போனில் சொன்னார்: "ஒரு ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடறேன். சண்டை போடலை, பாவம். ஒரு பெட்டியை மட்டும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மடியிலேயே வெச்சிருக்கான்."

அந்தப் பெட்டியில் இருந்தது, வெற்றிடத்தில் எஞ்சியிருக்கும் வாயுக்களை இனம் பிரித்துக் காட்டும் கருவி. ஐரோப்பாவில் நாலு நாட்டு எல்லைகளை ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன். கர்நாடக எல்லையை லாரிகளுக்கு நடுவே, சக்கரம் கழன்ற சூட்கேஸை இழுத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க நடந்து கடந்தேன். அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் ரோஜாக் கட்டுகளோடு ஓர் அம்மா.

"வெளியூரா?" என்றார்.

"பாரூருங்க."

"தோ இருக்கற பாரூருக்கு எதுக்குங்க இத்தினி பெரிய பொட்டி?"

பெட்டியை மடிக்கு இன்னும் இழுத்துக்கொண்டேன். இறங்கும்வரை ரோஜா முள் குத்திக்கொண்டிருந்தது.

பட்டறையின் முதலாளி ஜபீனாவுக்கு நாற்பது வயதிருக்கும். பிரேக் பாகங்கள் செய்துகொண்டிருந்த இடம். இந்த மாதிரிக்காக ஒரு வருடமாகப் பழைய வேலைகளில் பாதியை வேண்டாமென்று சொல்லி, தூசி புகாத ஓர் அறையைக் கட்டியிருந்தார். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வாசலிலேயே சொல்லிவிட்டார்:

"சார், உங்களுக்கு இது ஒரு பீஸு. எங்களுக்கு இதான் கம்பெனி. பழைய பார்ட்டிங்க எல்லாம் வேற கடைக்குப் போயிட்டாங்க. இது கைய வுட்டுப் போச்சுன்னா திரும்பிப் போறதுக்கு எடமில்ல."

பிறகு அறைக்குள் அழைத்துப் போய், தொப்பியும் முகமூடியும் மாட்டிவிட்டு, இரட்டைப் பையைப் பிரித்துக் காட்டினார்.

பளபளவென்றிருந்தது. கல்யாணப் பந்தலில் வாசலில் வைக்கிற செம்புக்குடம் மாதிரி. என் முகம் அதில் தெரிந்தது, அதுவும் சந்தோஷமாகத் தெரிந்தது. முறைப்படி கழுவிய செம்பு இளஞ்சிவப்பாக, சோகையாக இருக்கும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம் லேசாக எழுந்தது. நான் பார்த்ததெல்லாம் செம்பின் காகிதங்களைத்தான், செம்பை அல்ல. ஆகவே வழக்கம்போலத் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை அளவெடுத்தோம். கடைந்தவர் பசவராஜ். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், இயந்திரத்தைத் திட்டுவதற்குத் தெலுங்கு என்று மூன்றையும் முறையாகப் பிரித்து வைத்திருப்பவர். எங்கள் வரைபடம் முடிமுடியாக அளவு கேட்டிருந்தது. அவர் முடியைப் பத்தாகப் பிளந்து கொடுத்திருந்தார். நான் ஒவ்வோர் அளவாக வாசிக்க வாசிக்க, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வராத கொட்டாவியை விட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பெருமை.

பிறகு இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்கி, பம்பால் காற்றை உறிஞ்சி, என் கருவியை மாட்டினோம். மாலை நாலு மணிக்குத் திரையில் வரைபடம் வந்தது. முனைக்கு ஒரு வாயு; சுத்தமாக இருந்தால் நாலைந்து முனைகள்தான் நிற்க வேண்டும். ஒரு வேலியே நின்றது.

இங்க்ரிட்டுக்குப் படம் அனுப்பினேன். "என்ன எண்ணெய் பட்டிருக்கிறது?" என்று பதில் வந்தது. எண்ணெய் படவில்லை. கழுவிய நாள், துடைத்த நாள், பையில் போட்டு நைட்ரஜன் நிரப்பிய நாள் எல்லாம் காகிதத்தில் இருந்தன, கீழே மேலாளர், தர ஆய்வாளர் கையெழுத்துகளோடு. நான் பார்த்த காகிதங்களிலேயே அழகான காகிதம் அது.

கருவியில்தான் கோளாறு, எல்லையில் குலுங்கியதில் கெட்டிருக்கும் என்று எழுதிவிட்டு, காகிதத்தை நம்பிக் கையெழுத்துப் போடலாம். ஒரு கணம் நினைத்தேன். கணம் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம். ஆனால் அந்தச் செம்புப் பெட்டிக்குள் பாயப்போகும் மின்புலம் சாதாரணமானதல்ல. சுவரில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் பொறி பறக்கும். பொறி பறந்தால் புரோட்டான் கூட்டம் கலையும். ஓசூரின் பெயர் அங்கே எல்லோர் முன்னாலும் கருகும்.

ஜபீனா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "சார், நான் உங்களக் கையெழுத்துப் போடச் சொல்லல. எந்த எடத்துல தப்புன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. சரி பண்றது எங்க வேல."

மேலாளரைக் கேட்டேன். தர ஆய்வாளரைக் கேட்டேன். பசவராஜைக் கேட்டேன். சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்த ஒருவரையும் விடவில்லை. நடுநடுவே ஓர் அம்மா எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்த வேலியை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். அவரைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த விசாரணை முறையில் டீ கொண்டுவருபவர்களுக்கு இடமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பசவராஜ்தான் சொன்னார்: "எல்லாரையும் கேட்டீங்களே சார், கோவிந்தம்மாக்காவக் கேட்டீங்களா? கழுவறது, பைல போடறது எல்லாம் அவங்கதானே?"

கோவிந்தம்மா அன்று லீவு. குந்தாரப்பள்ளியில் சந்தை, ஆடு விற்கப் போயிருந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. "சந்தைல யாரு சார் போன் எடுப்பாங்க?" என்று ஜபீனா கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய கார் சர்வீசில் இருந்தது. பஸ் ஏறினோம்.

கிருஷ்ணகிரி பஸ்ஸின் நடத்துநர், குந்தாரப்பள்ளியில் நிற்காது என்பதைக் குந்தாரப்பள்ளியைத் தாண்டியபிறகு சொன்னார். எங்கள் குளிர் நகரத்தில் பஸ் நிற்கும் இடத்தை முன்கூட்டியே ஒரு பெண்குரல் அறிவிக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் காது கொடுத்தார்கள், அறிவிப்புதான் ஊர் தாண்டிய பிறகு வந்தது. டோல்கேட்டில் இறங்கி, எதிர்ப்புறம் போன ஒரு 'குட்டி யானை' மினி லாரியைக் கை காட்டினோம். முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம். ஜபீனா அங்கே. நான் பின்னால், ஒன்பது ஆடுகளோடு. துகள் இயற்பியலுக்காக நான் செய்த பயணங்களில் அதுதான் நெருக்கமானது.

கோவிந்தம்மா புளியமர நிழலில் இரண்டு கிடாக்களைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது, கையில் பாதிக் கரும்பு. முந்தின நாள் எனக்கு நாலு முறை டீ கொடுத்தவர்.

"ஆமா சார், நான்தான் தேச்சன்" என்றார், கேட்ட மறுநொடியே. "புளியும் கல்லுப்பும். ஏன், கறை போவலியா?"

"கறை போயிடுச்சும்மா. அதான் பிரச்சினை."

"கறை போனா பிரச்சினையா? நல்லா இருக்குது சார் உங்க கம்பெனி!"

நடந்தது இதுதான். போன வாரம் சனிக்கிழமை, கழுவி முடித்ததும் செம்பு சோகையாக இருந்திருக்கிறது. பாக்கு அளவில் ஒரு கருங்கறை வேறு. திங்கட்கிழமை, பையில் போடுவதற்கு முன்னால், சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனதும், வீட்டிலிருந்து டிபன் டப்பாவில் கரைத்துக் கொண்டுவந்த புளியையும் உப்பையும் போட்டுத் தேய்த்து, அறையில் இருந்த நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, முறைப்படி பையில் போட்டு நைட்ரஜன் நிரப்பி ஒட்டிவிட்டார்.

"தூசி புகாத ரூமுக்குள்ளயா?" என்றார் ஜபீனா, பலவீனமான குரலில்.

"ஆமா மேடம். தொப்பி போட்டன், மாஸ்க் போட்டன், கிளவுஸ் போட்டன். எல்லாம் போட்டுனுதான் தேச்சன். ஒரு ரூல்ஸு வுடல." கரும்பை ஒரு கடி கடித்தார். "வெளிநாட்டுக்குப் போற சாமான். மங்கலா போனா தொறந்து பாக்கறவன் யாரச் சொல்லுவான்? செம்பத் தேய்க்கக்கூடத் தெரியாத பொம்பளைங்கன்னு உங்களத்தான் சொல்லுவான்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லக்கா?"

"கேட்டா வுட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

ஜபீனா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து, ஆட்டுக் கயிறுகளைக் கோவிந்தம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சரி. சார், உங்க ஆளுக்குப் போன் போடுங்க. அக்கா பேசட்டும். ஆட்ட நான் விக்கறன்."

இங்க்ரிட்டை எழுப்பினேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான்.

"அது என்ன சத்தம்?" என்றார்.

"ஆடுகள்."

"கேவிட்டிக்குப் பக்கத்திலா?"

அந்த ஒரு விஷயத்தில் அவரைச் சமாதானப்படுத்த முடிந்தது. மிச்சத்தைச் சொன்னேன். அவர் உடனே எங்கள் ஆய்வகத்தில் பாகங்களைக் கழுவும் பிரிவின் தலைவரை இணைப்பில் கொண்டுவந்தார். அந்த மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வரிசையாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவன் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

எவ்வளவு புளி? "ஒரு கைப்பிடி, கொட்ட எடுத்தது." உப்பு? "அதுல கால் வாசி. கரையவிட்டுத்தான் தேச்சன், கல்லாப் போட்டா கீறும்னு எனக்குத் தெரியாதா?" எதனால் தேய்த்தீர்கள்? "மெத்துனு பழைய வாயில் சேல. நாரு போடல, சத்தியமா." எவ்வளவு நேரம்? "வெளில சித்த நேரம். உள்ள நல்லா." எந்தப் பக்கமாக? கோவிந்தம்மா காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். அதையும் மொழிபெயர்த்தேன்.

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில் அவர் சொன்னார்: "நாங்களும் செம்பை எலுமிச்சையில் இருக்கும் அமிலத்தில்தான் நனைப்போம். இந்த அம்மா யோசித்தது சரி. தேய்த்த இடத்தில் உப்பும் பழச்சாறும் தங்கிவிட்டன. அவர் சொன்னது உண்மையாக இருந்தால் எடுத்துவிடலாம். உங்கள் காகிதத்தை விட அவர் சொல்வது எனக்குப் பயன்படுகிறது."

என் காகிதம்! தலையாட்டினேன், போனில்.

முறை சொன்னார். காரத்தில் கழுவி, அமிலத்தில் நனைத்து, உப்பே இல்லாத தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அலசி வடியும் தண்ணீர், ஊற்றிய தண்ணீரைப் போலவே இருக்க வேண்டும். பிறகு பம்பு போட்டு, ஒன்றரை நாளாவது சூட்டில் வைக்க வேண்டும். உப்பைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும், புளியை என் கருவி காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் பட்டியல் திங்கட்கிழமை மூடுகிறது. இந்திய நேரம் பகல் பன்னிரண்டுக்குள் வரைபடம் எல்லைக் கோட்டுக்குக் கீழே வந்தால் ஓசூர். இல்லையென்றால் வேறு ஊர்.

திரும்பிப் பார்த்தேன். ஜபீனா ஆடுகளை விற்றுவிட்டிருந்தார். தொகையைக் கேட்டதும் கோவிந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், செம்புல நான் தப்புப் பண்ணது போதாதுன்னு ஆட்டுல நீங்க பண்ணீங்களா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலமே செம்புப் பெட்டியைப் பிரித்து, காரத்தையும் அமிலத்தையும் முடித்தோம். சனிக்கிழமை முழுக்கத் தண்ணீர். பட்டறையில் இருந்த சுத்திகரிப்பு இயந்திரம் ஒரு மணிக்கு ஒரு குடம் கொடுக்கும். போதவில்லை. இரண்டு தெரு தள்ளி முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் உப்பில்லாத தண்ணீர் கிடைத்தது. ஆட்டோவில் கேன் கேனாகக் கொண்டுவந்தோம். நான் கேன்களைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் என் மடியில் கொட்டியது. அந்த நாளின் முடிவில் கம்பெனியிலேயே உப்பில்லாதவன் நான்தான்.

முதல் அலசல். தண்ணீரில் உப்பைக் காட்டும் மீட்டர் ஏறியது. கேன்கள் முன்பு குடிநீர் கேன்கள் என்று பிறகு தெரிந்தது. கேன்களைக் கழுவி இரண்டாம் அலசல். இறங்கியது, போதவில்லை. மூன்றாவது. அதே இடத்தில் நின்றது. நான்காவது. அசையவில்லை.

மேலாளர் வரைபடத்தைப் புரட்டினார். நானும் காகிதத்தைப் புரட்டினேன், வேறு எதையும் புரட்டத் தெரியாததால். கோவிந்தம்மா மட்டும் கையுறையோடு பெட்டியின் முன்னால் குந்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த போல்ட்டு ஓட்டைங்க எத்தினி பசவராஜு?"

"ரெண்டு பக்கமும் சேத்து நாப்பத்தெட்டுக்கா. எல்லாம் பாதில நிக்கற ஓட்டைங்க, மரை போட்டது."

"அதான். குண்டாவ எத்தினி வாட்டி அலசினாலும் விளிம்பு மடிப்புல உப்பு உக்காந்துனுதான் இருக்கும். மேல ஊத்திப் பிரயோசனமில்ல. ஊசி எதனா வாங்கியாங்க, ஓட்ட ஓட்டையா அடிக்கலாம்."

மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்சுகள் வாங்கி வந்தோம். நாற்பத்தெட்டு ஓட்டைகளையும் அவரே, ஒவ்வொன்றாக, பத்துப் பத்து முறை பீய்ச்சினார். முட்டி வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "கம்முனு எண்ணுங்க சார்" என்றார். எண்ணினேன். ஏழாவது அலசலில் வடிந்த தண்ணீரும் ஊற்றிய தண்ணீரும் மீட்டரில் ஒன்றாக நின்றன. செம்பு சோகையாக, இளஞ்சிவப்பாக இருந்தது. பசவராஜ் கீறல் பார்க்கும் கருவியை உள்சுவரில் ஓட்டிவிட்டு நிமிர்ந்தார். "அளவுக்குள்ளதான் இருக்குது. அக்கா தேச்சதுல ஒண்ணும் கீறல." இந்த முறை கொட்டாவி விடவில்லை. அன்று மாலையே இரண்டு பாதிகளையும் மூடி, பம்பு போட்டு, சூடேற்றும் நாடாக்களைச் சுற்றிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும் நாள். முனைகள் இறங்கிக்கொண்டிருந்தன, அவசரமில்லாமல். மதியம் மூலை மெஸ்ஸில் களியும் பிதுக்குப்பருப்புக் குழம்பும். எங்கள் நகரத்தில் இருபது வருடமாக வேகவைத்த உருளைக்கிழங்கை மென்று மென்று, களியை மெல்லக் கூடாது என்பதே மறந்துபோயிருந்தது. எதிரில் உட்கார்ந்து கோவிந்தம்மா அதைக் கவனித்தார், பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டார். சொன்னேன், புரோட்டான் கூட்டத்திலிருந்து மியூவான் வரைக்கும்.

"அத்தினி கோடி போட்டு அடிச்சா இத்தினிதான் வருமா?"

"ஆமாம்மா."

"வந்ததும் செத்துப்போயிடும்?"

"கண் மூடித் திறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது சாவறதுக்குள்ள வேல வாங்கணும்னா, ஆரம்பத்துல ஒண்ணுகூட வீணாவக் கூடாது. நான் உப்பப் போட்டு வெச்சன்." உருண்டையைக் குழம்பில் தோய்த்தார். "முன்னாடியே இதச் சொல்லியிருந்தா புளியத் தொட்டிருப்பனா? 'சுத்தமா கழுவு'ன்னு பேப்பர்ல எழுதிட்டா போதுமா? சுத்தம்னா எனக்குத் தெரிஞ்ச சுத்தம்தான் பண்ணுவன்."

அந்தப் பேப்பரின் மூலப்படியை எழுதியவன் யார் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. குழம்பு இன்னொரு கரண்டி கேட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாடாக்களை அணைத்து ஆறவிட்டோம். பத்து மணிக்கு எல்லைக் கோட்டுக்கு மேலே நாலு முனைகள். பத்தே முக்காலுக்கு இரண்டு. பதினொன்றரைக்கு ஒன்று மட்டும், பிடிவாதமாக. ஜபீனா திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசவராஜ் பம்பைத் தெலுங்கில் ஊக்கப்படுத்தினார்.

"இதுல எது என் புளி?" என்றார் கோவிந்தம்மா.

காட்டினேன்.

"இறங்குது பாருங்க. வந்த வழிலயே போவுது."

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது முனை கோட்டைத் தொட்டது. நாலு நிமிடம் இருக்கும்போது கீழே போனது. படமெடுத்து அனுப்பினேன். இங்க்ரிட்டிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: சேர்த்தாயிற்று. ஜபீனா சுவரிலிருந்து திரும்பவில்லை. தோள்கள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கின.

காகிதம் மிச்சமிருந்தது. முறை தவறிய வேலை நடந்தால் அதற்கொரு தனிப் படிவம் உண்டு. என்ன நடந்தது, யார் செய்தது, யார் பொறுப்பு. புளி, கல்லுப்பு, வாயில் சேலை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். எங்கள் ஆய்வகத்தின் ஆவணக் காப்பகத்தில் இனி கோப்பு உள்ள காலம்வரை புளி இருக்கும். பொறுப்பு என்ற கட்டத்தில் ஜபீனா பேனாவை எடுத்தார்.

"நான் தேச்சதுக்கு நீங்க எதுக்கு மேடம்?" என்று பேனாவைப் பிடுங்கி, தமிழில், எழுத்து எழுத்தாக, கோவிந்தம்மா கையெழுத்துப் போட்டார். கீழே இடம் இருந்தது. 'சுத்தம் என்றால் என்னவென்று விளக்காமல் எழுதிக் கொடுத்தவர்' என்று அங்கே சேர்த்து, நானும் போட்டேன். ஜபீனா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த தாள், இனிவரும் பன்னிரண்டுக்கான புதிய கழுவும் முறை. செய்பவர் பெயர் என்ற இடத்தைக் கோவிந்தம்மாவே நிரப்பினார். "பன்னெண்டும் நான்தான். வேற யாரும் கைய வெக்கக் கூடாது."

மாலை விமானம். செம்புப் பெட்டியைக் கழற்றி, பாதிகளைப் பையில் போடும் நேரம். கையுறைகளை எப்போதோ கழற்றிவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். ஆறு நாள், ஒன்பது ஆடுகள், நாற்பத்தெட்டு ஓட்டைகள். மனசு கொஞ்சம் இளகிவிட்டது. போய் வா என்று ஒரு தட்டுத் தட்டலாம் என்று கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"கைய எடுங்க சார்!" என்றார் கோவிந்தம்மா. "அவ்ளோ படிச்சிருக்கீங்க, வேர்வைல உப்பு இருக்கறது தெரியாது?"